கைக்குள் ஒரு காடு – 6: பொன்னும் வெள்ளியும்

1999 நவம்பர் 21 அன்று ஜப்பானில் ‘போக்கிமான் கோல்டு’, ‘போக்கிமான் சில்வர்’ என்ற இரண்டு கேம் பாய் விளையாட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1996 பிப்ரவரி 27இல் வெளியாகிப் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட ‘ரெட்’, ‘கிரீன்’ விளையாட்டுகளின் இரண்டாம் பாகம் இவை. முதல் பாகத்தில் 151 போக்கிமான்கள் இருந்தன. இரண்டாம் பாகத்தில் மேலும் 100 சேர்ந்து எண்ணிக்கை 251 ஆனது. உலகம் முழுவதும் 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

பெரிய வெற்றி பெற்ற எந்தப் படைப்புக்கும் இரண்டாம் பாகம் எழுதுவது கடினம். பழையதையே திருப்பித் தந்தால் ரசிகர் சலித்துக்கொள்வார். அடியோடு மாற்றினால் அந்நியப்பட்டுப் போவார். போக்கிமானுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. சேகரிப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த உயிரினங்கள் ஒவ்வொரு பிள்ளையின் கார்ட்ரிட்ஜிலும் இருந்தன. புதிய விளையாட்டு வந்ததும் அந்தச் சேகரிப்பு செல்லாக்காசாகிவிடக் கூடாது. கோல்டு, சில்வர் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் மென்பொருள் வடிவமைப்பில் இன்றும் பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது.

மூன்றாண்டுக் காத்திருப்பு

விளையாட்டை உருவாக்கியது டோக்கியோவைச் சேர்ந்த கேம் ஃப்ரீக் நிறுவனம், வெளியிட்டது நின்டெண்டோ. சிறு வயதில் பூச்சி பிடிப்பதில் பித்தாக இருந்த சடோஷி தஜிரிதான் முதல் பாகத்தைப் போலவே இதற்கும் இயக்குநர். உயிரினங்களின் தோற்றத்துக்குக் கென் சுகிமோரியும் இசைக்கு ஜுனிச்சி மசுதாவும் முக்கியப் பங்களித்தார்கள். தயாரிப்புப் பொறுப்பில் கிரியேச்சர்ஸ் நிறுவனத்தின் தலைவர் சுனேகாசு இஷிஹாரா இருந்தார்.

1997ஆம் ஆண்டு இறுதிக்குள் வெளியிட்டுவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். அது 1998 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பிறகு 1999க்குப் போனது. தாமதத்துக்குக் காரணம் போக்கிமானின் வெற்றிதான். முதல் பாகம் ஓய்ந்துவிடாமல் ஆண்டுக்காண்டு கூடுதலாக விற்றுக்கொண்டிருந்தது. 1997 ஏப்ரல் 1 முதல் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பானது. அந்தத் தொடரை ஒட்டி மாற்றியமைக்கப்பட்ட ‘யெல்லோ’ 1998 செப்டம்பரில் வெளிவந்தது. அதே மாத இறுதியில் அமெரிக்காவில் ‘ரெட்’, ‘புளூ’ வெளியாயின. இவ்வளவு வேலையையும் கேம் ஃப்ரீக்கின் சிறிய குழுவே சுமக்க வேண்டியிருந்தது.

காத்திருப்பு நீள நீள, இரண்டாம் பாகத்தின் உயிரினங்கள் விளையாட்டுக்கு முன்பே திரைக்கு வந்துவிட்டன. தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே பொன்னிறப் பறவையான ஹோ-ஓ வானத்தில் பறந்து போகிறது. அந்தப் பறவை எது என்று ஜப்பானியப் பிள்ளைகள் அறிந்துகொள்ள இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சில்வர் விளையாட்டின் அட்டையை அலங்கரிக்கும் லூகியாவோ 1999 ஜூலையில் வந்த திரைப்படத்துக்காகத் திரைக்கதை ஆசிரியர் தகேஷி ஷுதோ கற்பனையில் உருவானது.

இவாட்டாவின் கை

இந்தக் காலகட்டத்தில் குழுவுக்குக் கைகொடுத்தவர் சட்டோரு இவாட்டா. அப்போது அவர் நின்டெண்டோவின் ஊழியர் அல்லர். ஹால் லேபரட்டரி என்ற வேறொரு நிறுவனத்தின் தலைவர். தலைவர் நாற்காலியில் இருந்தபடியே நிரல் எழுதுவதை விடாதவர். ரெட், கிரீன் விளையாட்டுகளின் மூல நிரலைப் படித்து, அவற்றை வெளிநாட்டு மொழிகளுக்கு மாற்றுவது எப்படி என்று வழிகாட்டினார். நின்டெண்டோ 64 கருவிக்கான ‘போக்கிமான் ஸ்டேடியம்’ விளையாட்டுக்காகக் கேம் பாயின் சண்டை முறையை முறையான ஆவணம் எதுவும் இல்லாமலே, நிரலை மட்டும் வாசித்துப் புரிந்துகொண்டு, ஒரே வாரத்தில் மாற்றிக் கொடுத்தார். கேம் ஃப்ரீக்கின் நிரலாளர் ஷிகேகி மொரிமோட்டோ இதைப் பின்னாளில் வியப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

கோல்டு, சில்வரில் படங்களைச் சுருக்கிச் சேமிப்பதற்கான கருவிகளையும் இவாட்டா எழுதித் தந்தார். இதன் அருமை புரிய வேண்டுமானால் அளவுகளைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய ரெட், கிரீன் கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றின் கொள்ளளவு 512 கிலோபைட். கோல்டு, சில்வருக்கு 1 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் 251 உயிரினங்களின் முன்புறப் படமும் பின்புறப் படமும், ஊர்களும், இசையும், உரையாடல்களும், சண்டை விதிகளும் அடங்க வேண்டும். ஒவ்வொரு பைட்டும் அங்கே விலை மதிப்புள்ளது. இவாட்டா 2002இல் நின்டெண்டோவின் தலைவரானார். 2015 ஜூலை 11 அன்று காலமானார்.

கைவிடப்பட்ட வரைவு

1997 நவம்பரில் நின்டெண்டோ நடத்திய ஸ்பேஸ் வேர்ல்டு கண்காட்சியில் இரண்டாம் பாகத்தின் மாதிரி வடிவம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அந்த மாதிரியின் கோப்பு 2018இல் இணையத்தில் கசிந்தபோதுதான், விளையாட்டு நடுவழியில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரிந்தது.

அதில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் மூன்று தொடக்கப் போக்கிமான்களில் ஒன்று தீ உமிழும் கரடிக்குட்டி, இன்னொன்று கடல்நாய்க்குட்டி போன்ற கடற்பிராணி. இரண்டுமே இறுதி விளையாட்டில் இல்லை. அவற்றின் இடத்தில் சிண்டாக்வில்லும் டோட்டடைலும் வந்தன. இலைவகையான சிக்கோரிட்டா மட்டும் தப்பிப் பிழைத்தது. மாதிரியின் வரைபடம் ஜப்பான் நாடு முழுவதையும் தழுவியிருந்தது. முதல் பாகத்தின் களமான கான்டோ அதில் ஓர் ஊராகச் சுருங்கிக் கிடந்தது. இரண்டு ஆண்டுகளில் இந்தத் திட்டம் தலைகீழானது. புதிய நிலப்பகுதி மேற்கு ஜப்பானோடு நின்றது. கான்டோ, ஜிம்கள் எனப்படும் தன் எட்டுச் சண்டைக்கூடங்களோடும் திரும்பி வந்தது. பரப்பைக் குறைத்து, பழைய ஊருக்கு உரிய மரியாதையைக் கொடுத்த இந்த முடிவுதான் விளையாட்டின் தலையெழுத்தை மாற்றியது.

கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு கடிகாரம்

புதிய விளையாட்டைத் தொடங்கியதும் அது ஆட்டக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, இப்போது மணி என்ன என்பது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கதாநாயகனின் அம்மா இன்று என்ன கிழமை என்றும் கேட்கிறார். அந்த நொடியிலிருந்து விளையாட்டின் நேரமும் வெளியுலகின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்காகக் கார்ட்ரிட்ஜின் சிறிய மின்சுற்றுப் பலகையில் ஒரு படிக அலைவியும் பொத்தான் வடிவ பேட்டரியும் பொருத்தப்பட்டிருந்தன. கேம் பாய் அணைந்து மேசை இழுப்பறையில் கிடந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். காலை 4 மணி முதல் 10 மணி வரை காலைப் பொழுது. 10 முதல் மாலை 6 வரை பகல். 6 முதல் மறுநாள் அதிகாலை 4 வரை இரவு. கேம் பாய் கலர் கருவியில் விளையாடினால் பொழுதுக்கேற்ப ஊரின் நிறமே மாறும். இரவில் வீடுகளின் சன்னல்களில் விளக்கு எரியும்.

மாற்றம் நிறத்தோடு நிற்கவில்லை. ஆந்தை போன்ற ஹூட்ஹூட் இரவில்தான் தென்படும். யூனியன் குகையின் அடித்தளத்தில் உள்ள நீர்நிலைக்கு லாப்ராஸ் வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே வரும். ஈவீ என்ற போக்கிமான் தன் பயிற்சியாளரிடம் நெருக்கமாகிவிட்ட நிலையில் பகலில் வளர்ச்சியடைந்தால் எஸ்பியான். இரவில் வளர்ச்சியடைந்தால் அம்பிரியான். ஜோட்டோ என்ற புதிய நிலப்பகுதியில் ஏழு உடன்பிறப்புகள் ஆளுக்கொரு கிழமையில் ஆளுக்கோர் இடத்தில் நிற்பார்கள்; அந்தந்தக் கிழமையில் தேடிப்போனால் ஒரு பரிசு கிடைக்கும்.

செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி நடக்கும். ஒரே ஒரு போக்கிமானைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிடிப்பதற்கான 20 பந்துகளோடு, 20 நிமிடங்களுக்குள் சிறந்த பூச்சி ஒன்றைப் பிடித்துவர வேண்டும். முதல் பரிசு ஒரு சூரியக்கல். தஜிரியின் பால்யப் பொழுதுபோக்கு இவ்வளவு நேரடியாக விளையாட்டுக்குள் வந்த இடம் வேறொன்று இல்லை.

கடிகாரத்தால் நேர்ந்த பெரிய நன்மை, விளையாடும் பழக்கம் மாறியதுதான். ஒரே மூச்சில் முடித்துவிட்டு மூடிவைக்கும் பொருளாக இல்லாமல், நாள்தோறும் சற்று நேரம் எட்டிப் பார்க்கும் இடமாக விளையாட்டு ஆனது. மரத்தில் காய்க்கும் பழங்கள் மறுநாள் மீண்டும் காய்த்திருக்கும். வழியில் தோற்கடித்த பயிற்சியாளர்கள் கைத்தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பார்கள். மறுபடி சண்டைக்கு வா என்பார்கள். கைப்பேசி விளையாட்டுகளில் இன்று எங்கும் காணப்படும் ‘நாளை வா’ என்ற உத்தி இங்கே காசு பறிக்கும் நோக்கம் இல்லாமல், உலகம் உயிரோடு இருக்கிறது என்ற உணர்வைத் தருவதற்காகவே பயன்பட்டது.

சாய்ந்த தராசு நிமிர்ந்தது

முதல் பாகத்தின் சண்டை முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. மனோசக்தியால் தாக்கும் சைக்கிக் வகைப் போக்கிமான்களை எதிர்க்க ஆளே இல்லை. பூச்சி வகைக்கும் ஆவி வகைக்கும் அவை அஞ்சும் என்பது விதி. ஆனால் பூச்சி வகையிடம் வலுவான தாக்குதல்கள் கிடையாது. ஆவி வகையின் தாக்குதல் சைக்கிக்கைப் பாதிக்கவே பாதிக்காது என்று விளையாட்டின் அட்டவணையில் பிழையாகப் பதிந்துவிட்டது. போதாததற்கு, அன்றிருந்த மூன்று ஆவிப் போக்கிமான்களும் பாதி நச்சு வகை. நச்சு வகையோ சைக்கிக்கிடம் எளிதில் தோற்கும்.

இன்னொரு குறை, ‘ஸ்பெஷல்’ என்ற ஒரே எண் நெருப்பு, நீர், மின்சாரம், மனோசக்தி போன்ற தாக்குதல்களின் வலுவையும் அவற்றைத் தாங்கும் திறனையும் சேர்த்துத் தீர்மானித்தது. ஒன்றில் உயர்ந்த போக்கிமான் தானாகவே மற்றொன்றிலும் உயர்ந்துவிடும். சைக்கிக் வகையின் கொடி பறந்ததற்கு இதுவும் காரணம்.

இரண்டாம் பாகம் இந்தக் குறைகளை மூன்று வழிகளில் சரிசெய்தது. முதலாவதாக, டார்க், ஸ்டீல் என்ற இரண்டு புதிய வகைகள் சேர்ந்து, வகைகளின் எண்ணிக்கை 15இலிருந்து 17 ஆனது. சைக்கிக் தாக்குதல் டார்க் வகையை அணுவளவும் பாதிக்காது. ஸ்டீல் வகை அதைப் பாதியாகத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதாக, ஸ்பெஷல் என்ற எண் தாக்குதல், தற்காப்பு என இரண்டாகப் பிரிந்தது. மூன்றாவதாக, ஆவி வகை பற்றிய பிழை திருத்தப்பட்டது.

பழைய போக்கிமான்களும் பழைய தாக்குதல்களும் தேவைப்பட்ட இடங்களில் புதிய வகைக்குள் சேர்க்கப்பட்டன. மின்சார வகையாக மட்டும் இருந்த மேக்னமைட் ஸ்டீல் வகையையும் பெற்றது. சாதாரணத் தாக்குதலாக இருந்த கடி, டார்க் வகைத் தாக்குதலானது. ஆக, முதல் பாகத்தில் பிடித்த ஒரு போக்கிமானே புதிய சூழலில் புதிய பலத்தோடு களமிறங்க முடிந்தது.

போக்கிமான்கள் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் இங்கேதான் பிறந்தது. விஷத்தை முறிக்கும் பழம், சுற்றுக்குச் சுற்று சிறிது உயிர்ப்புள்ளியை மீட்டுத்தரும் உணவு என ஒவ்வொரு பொருளும் சண்டையின் போக்கை மாற்றும். எந்தப் போக்கிமானை அழைத்துச் செல்வது என்ற கேள்வியோடு, அதன் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வியும் சேர்ந்தது.

இரண்டு பைட்டுக்குள் அடங்கிய ரகசியம்

விளையாட்டின் மிக நுட்பமான வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ரெட், கிரீன் விளையாட்டுகளிலேயே ஒவ்வொரு போக்கிமானுக்கும் பிறவியிலேயே நான்கு மறை எண்கள் உண்டு: தாக்குதல், தற்காப்பு, வேகம், ஸ்பெஷல். ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஏதாவது ஒரு மதிப்பு. உயிர்ப்புள்ளிக்குத் தனி எண் கிடையாது. இந்த நான்கிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளும். நான்கும் சேர்ந்து பிடிக்கும் இடம் 2 பைட் மட்டுமே. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு போக்கிமான்களில் ஒன்று சற்று வலுவாகவும் இன்னொன்று சற்று மெலிந்தும் இருப்பது இதனால்தான்.

இரண்டாம் பாகத்தில் போக்கிமான்களுக்கு ஆண், பெண் என்ற பால் வேறுபாடு வந்தது. அதற்கெனப் புதிய தகவல் எதுவும் சேர்க்கப்படவில்லை. பழைய தாக்குதல் எண்ணையே விளையாட்டு படித்துப் பால் எது என்று முடிவுசெய்தது. சிக்கோரிட்டா போன்ற தொடக்கப் போக்கிமான்களில் எட்டில் ஒன்றுதான் பெண். அவற்றில் தாக்குதல் எண் 0 அல்லது 1 ஆக இருந்தால் பெண், அதற்கு மேல் ஆண்.

ஷைனி எனப்படும் அபூர்வ நிறப் போக்கிமான்களும் இதே எண்களிலிருந்து பிறந்தவைதான். தற்காப்பு, வேகம், ஸ்பெஷல் ஆகிய மூன்றும் சரியாக 10 ஆக இருக்க வேண்டும். தாக்குதல் எண் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். மொத்தம் 65,536 சேர்க்கைகளில் 8 மட்டுமே இந்த நிபந்தனைக்குப் பொருந்தும். அதாவது 8,192இல் ஒன்று. கோபத்தின் ஏரியில் ஆட்டக்காரர் எதிர்கொள்ளும் சிவப்பு கயரடோஸ், இப்படி ஒரு நிறம் உண்டு என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைப்பதற்காகக் கதையிலேயே வைக்கப்பட்ட ஷைனி. மற்றவற்றைச் சந்திப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விளைவு தெரியும். ஷைனி ஆவதற்குத் தாக்குதல் எண் குறைந்தது 2 இருக்க வேண்டும். தொடக்கப் போக்கிமான் பெண்ணாக இருக்க அது 2க்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே இந்தத் தலைமுறை விளையாட்டுகளில் ஷைனியான பெண் சிக்கோரிட்டா ஒருபோதும் பிறக்காது.

ரூயின்ஸ் ஆஃப் ஆல்ஃப் என்ற இடிபாடுகளில் கிடைக்கும் அன்ஓன் 26 எழுத்து வடிவங்களில் வரும். எந்த எழுத்து என்பதையும் இதே நான்கு எண்களின் நடுப்பகுதிகள்தான் நிர்ணயிக்கின்றன. பாலும் நிறமும் எழுத்தும், மூன்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த அதே 2 பைட்டிலிருந்து வாசிக்கப்பட்டன. ஸ்பெஷல் என்பது தாக்குதல், தற்காப்பு எனப் பிரிந்த பிறகும் இரண்டுக்கும் மறை எண் ஒன்றாகவே நீடித்தது. பழைய போக்கிமானிடம் ஒரே எண்தான் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

இனப்பெருக்கம் இந்த எண்களுக்கு இன்னொரு பயனைத் தந்தது. பராமரிப்பு இல்லத்தில் பொருத்தமான ஆணையும் பெண்ணையும் விட்டால் முட்டை கிடைக்கும். குஞ்சு தாயின் இனமாகப் பிறக்கும். தந்தையிடமிருந்து சில தாக்குதல்களைக் கற்றுக்கொண்டே வரும். மறை எண்களிலும் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து வரும். பிக்காச்சுவின் குட்டி வடிவமான பிச்சு போன்றவை இந்த வழியாகவே அறிமுகமாயின. பிடிப்பதோடு நின்றிருந்த சேகரிப்பு, வளர்த்தெடுக்கும் கலையாக விரிந்தது.

பழைய சேகரிப்புக்கு ஒரு பாலம்

இவ்வளவு சிரமப்பட்டுப் பழைய தகவல் அமைப்பைக் காப்பாற்றியதன் பயன் ஜோட்டோவின் எக்ருடீக் நகரில் தெரிகிறது. அங்குள்ள போக்கிமான் சென்டரில் ‘டைம் கேப்சூல்’ திறக்கும். இரண்டு கேம் பாய்களை இணைப்புக் கேபிளால் கோத்து, ஒன்றில் ரெட் விளையாட்டையும் மற்றொன்றில் கோல்டு விளையாட்டையும் போட்டால், இரண்டு பக்கமும் போக்கிமான்களை மாற்றிக்கொள்ளலாம். பழைய விளையாட்டுக்குப் போகும் போக்கிமான் முதல் 151க்குள் இருக்க வேண்டும். புதிய தாக்குதல் எதையும் கற்றிருக்கக் கூடாது.

1996இல் பிடித்த ஒரு போக்கிமான் 1999இல் கோல்டுக்குள் வந்து சேரும்போது, அது ஆணா பெண்ணா என்பது முதல் முறையாகத் தெரியவரும். அரிதாகச் சிலருடைய பழைய போக்கிமான், வந்து இறங்கியதும் வேறு நிறத்தில் மின்னும். அந்த உயிரினம் மூன்று ஆண்டுகளாக ஷைனியாகவே இருந்திருக்கிறது. காட்டுவதற்கு முதல் பாகத்தில் வழி இல்லை, அவ்வளவுதான்.

முன்யோசனை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ‘யெல்லோ’ விளையாட்டில் சான்று இருக்கிறது. முதல் பாகத்துப் போக்கிமான்கள் எந்தப் பொருளையும் கையில் வைத்திருப்பதில்லை. அவற்றின் தகவல் தொகுப்பில் பிடிபடும் வாய்ப்பைக் குறிக்கும் ஒரு பைட் இருந்தது. பிடித்த பிறகு அதற்கு வேலை இல்லை. இரண்டாம் பாகத்தில் அதே இடத்தில் கையிலுள்ள பொருளின் எண் பதிவாகிறது. யெல்லோவில் ஆட்டக்காரருக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் பிக்காச்சுவின் அந்த பைட் மட்டும் 163 என்று மாற்றி வைக்கப்பட்டிருந்தது. கோல்டு விளையாட்டின் பொருள் பட்டியலில் 163ஆம் எண், பிக்காச்சுவின் வலுவைக் கூட்டும் ‘லைட் பால்’. யெல்லோவின் பிக்காச்சுவை டைம் கேப்சூல் வழியாகக் கோல்டுக்கு அனுப்பினால், அது தன் கையில் ஒரு லைட் பாலோடு வந்து நிற்கும். யெல்லோ வெளியானது கோல்டுக்கு 14 மாதங்களுக்கு முன்பு. இன்னும் வெளிவராத ஒரு விளையாட்டுக்குச் சீர்வரிசை கொடுத்து அனுப்பும் அக்கறை அது.

ஜோட்டோவும் கான்டோவும்

கதை நடக்கும் ஜோட்டோ, ஜப்பானின் கன்சாய் பகுதியை ஒட்டிப் படைக்கப்பட்டது. எக்ருடீக் நகரில் கியோட்டோவின் கோயில்களும் மரபும் தெரிகின்றன. வானொலி நிலையமும் பேரங்காடியும் கொண்ட கோல்டன்ராடு ஒசாகாவை நினைவூட்டுகிறது. கான்டோவின் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மாறாக, ஜோட்டோவில் கோபுரங்களும் ஐதிகங்களும் நிறைந்திருக்கின்றன. எக்ருடீக்கின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்று 150 ஆண்டுகளுக்கு முன் எரிந்துபோனது. அந்தத் தீயில் மாண்ட மூன்று உயிர்களை ஹோ-ஓ உயிர்ப்பித்தது என்பது ஊர்க்கதை. ரைக்கோ, என்டேய், சுய்க்கூன் என்ற அந்த மூன்றும் எரிந்த கோபுரத்தின் அடித்தளத்திலிருந்து பாய்ந்தோடுகின்றன.

ஜோட்டோவின் எட்டு ஜிம்களையும் வென்று, சாம்பியன் லான்ஸைத் தோற்கடித்ததும் விளையாட்டு முடிந்துவிட்டது என்றே எவரும் நினைப்பார்கள். பெயர்ப்பட்டியலும் ஓடி முடிகிறது. அதன் பிறகு ஆட்டக்காரருக்கு ஒரு கப்பல் சீட்டு கிடைக்கிறது. கப்பல் போய்ச் சேரும் இடம் கான்டோ.

முதல் பாகம் நடந்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன, ஊரும் மாறியிருக்கிறது. சின்னபார் தீவை எரிமலை அழித்துவிட்டது. அதன் ஜிம் தலைவர் பிளைன், சீஃபோம் தீவின் குகைக்குள் ஜிம்மை நடத்துகிறார். லாவண்டர் ஊரில் போக்கிமான் கல்லறைகள் இருந்த கோபுரம் வானொலி நிலையமாகிவிட்டது. நச்சு வகை வல்லுநர் கோகா பதவி உயர்ந்து, சாம்பியனுக்கு முன் மோத வேண்டிய நால்வர் அணிக்குப் போக, அவருடைய மகள் ஜானின் ஜிம்மைக் கவனிக்கிறார். முதல் பாகத்தில் வழிமறித்துத் தூங்கிய ஸ்னார்லாக்ஸை எழுப்பப் புல்லாங்குழல் தேவைப்பட்டது. இப்போது வெர்மிலியன் நகருக்கு வெளியே தூங்கும் ஸ்னார்லாக்ஸின் அருகில் வானொலியைத் திருப்பி, அந்தக் குழலிசை ஒலிபரப்பாகும் நிலையத்தைப் பிடித்தால் போதும்.

பதினாறு ஜிம்களையும் வென்ற பிறகு சில்வர் மலையின் உச்சிக்குப் போக வழி பிறக்கும். அங்கே நிற்பவர் ரெட். முதல் பாகத்தில் ஆட்டக்காரர் எவரோ, அவரேதான். அவர் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. 81ஆம் லெவல் பிக்காச்சு, 77ஆம் லெவலில் வீனஸார், சாரிசார்ட், பிளாஸ்டாய்ஸ், இவற்றோடு ஸ்னார்லாக்ஸும் எஸ்பியானும் அவருடைய அணி. மூன்றாண்டுகளுக்கு முன் பிள்ளைகள் தாங்களே வளர்த்த வீரன்தான் இறுதி எதிரி. இஷிஹாரா பின்னாளில் சொன்னபடி, கோல்டு, சில்வருக்குப் பிறகு போக்கிமான் விளையாட்டுகளை எடுக்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. நிறைவுப் பகுதியாக நினைத்து உருவாக்கியதால்தான் முடிவுக்கு இவ்வளவு கனம் வந்தது.

குறைகள்

இந்த விளையாட்டை நேசிப்பவர்களும் மறுக்க முடியாத குறைகள் உண்டு. சாம்பியன் லான்ஸின் உச்ச லெவல் 50. கான்டோவின் கடைசி ஜிம் தலைவர் புளூவின் உச்ச லெவல் 58. அங்கிருந்து ரெட்டின் 81க்கு ஒரே தாவல். இடைவெளியை நிரப்ப வலுவான காட்டுப் போக்கிமான்கள் கிடையாது. நால்வர் அணியோடு திரும்பத் திரும்ப மோதிப் பயிற்சி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதிய 100 போக்கிமான்களில் பலவற்றைப் புதிய நிலத்திலேயே காண முடியாததும் வருத்தத்துக்குரியது. டார்க் வகையைச் சேர்ந்த ஹவுண்டூரும் மர்க்ரோவும் கான்டோவில், இரவில்தான் கிடைக்கின்றன. நெருப்பு வகை ஸ்லக்மாவும் அப்படியே கான்டோவாசி. சைக்கிக்கை அடக்கப் படைத்த புதிய வகையை, பெரும்பாலான ஆட்டக்காரர்கள் கதை முடிந்த பிறகே கையில் ஏந்த முடிந்தது.

மூன்றாவது குறை கடிகாரத்தோடு பிறந்தது. சேமித்த ஆட்டத்தைக் காப்பதும் கடிகாரத்தை ஓட்டுவதும் ஒரே பேட்டரியின் பொறுப்பு. கடிகாரம் ஓயாமல் மின்சாரத்தை உறிஞ்சியதால், முதல் பாகத்தின் கார்ட்ரிட்ஜ்களைவிட இவற்றின் பேட்டரி விரைவில் தீர்ந்தது. பேட்டரி தீர்ந்தால் சேமிப்பும் அழியும். 251ஐயும் சேர்த்து வைத்திருந்தாலும் எல்லாம் போய்விடும்.

அதன் பிறகு

2000 அக்டோபரில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், 2001 ஏப்ரலில் ஐரோப்பாவிலும் கோல்டு, சில்வர் வெளியாயின. 2000 டிசம்பரில் ஜப்பானில் வந்த ‘கிரிஸ்டல்’, பெண் கதாபாத்திரமாக விளையாடும் வாய்ப்பைத் தொடரிலேயே முதன்முறையாகத் தந்தது. சண்டையின் தொடக்கத்தில் போக்கிமான்களின் படங்கள் அசைந்தன.

2002 நவம்பர் 21 அன்று மூன்றாம் தலைமுறையான ‘ரூபி’, ‘சஃபையர்’ வெளிவந்தபோது தகவல் அமைப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. மறை எண்கள் 0 முதல் 31 வரை விரிந்தன. பாலுக்கும் நிறத்துக்கும் தனி எண் வந்தது. நுட்பத்தில் அது முன்னேற்றம்தான். ஆனால் கோல்டு, சில்வரிலிருந்து ஒரு போக்கிமானைக்கூட அதற்குள் கொண்டுவர முடியவில்லை. ஆறு ஆண்டுச் சேகரிப்பு பழைய கார்ட்ரிட்ஜ்களிலேயே தங்கிப்போனது. 2009இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு ‘ஹார்ட்கோல்டு’, ‘சோல்சில்வர்’ என்ற மறுவடிவங்கள் வந்தன. மொரிமோட்டோ இயக்கிய அவற்றில் அணியின் முதல் போக்கிமான் ஆட்டக்காரரின் பின்னாலேயே நடந்து வரும். 2017 செப்டம்பரில் மூல விளையாட்டுகளே நின்டெண்டோ 3டிஎஸ் கருவியில் தரவிறக்க வடிவில் மீண்டும் வந்தன. 2023 மார்ச்சில் அந்தக் கருவியின் கடை மூடப்பட்டதோடு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இரண்டாம் பாகங்கள் ஆயிரம் வந்திருக்கின்றன. முதல் பாகத்தை விளையாடியவரின் உழைப்பை மதித்தவை சிலவே. புதியவற்றைச் சேர்த்ததற்கு இணையாக, பழைய 2 பைட்டை அழிக்காமல் அதற்குப் புதுப் பொருள் கண்டதற்காகவும் கோல்டு, சில்வர் நினைக்கப்பட வேண்டும். அந்தக் கார்ட்ரிட்ஜை இன்னும் வைத்திருப்பவர்கள், சேமித்த ஆட்டம் இருக்கும்போதே அதன் பிரதியை எடுத்துவைத்துவிட்டு பேட்டரியை மாற்றிவிடுவது நல்லது. இருபது ஆண்டுகளைக் கடந்த எந்த பேட்டரியையும் நம்பியிருக்க முடியாது.

(தொடரும்)